விலைச்சீட்டில் விடுபட்ட சொல்

நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் சாண்டா ஃபே, ஆல்புகெர்க்கி நகரங்களில் புவெப்லோ மட்கலங்கள் விற்கும் கடைக்காரர்களுக்கு,

வணக்கம்.

உங்களுக்குத் தமிழ் தெரியாது. அதனால் இதன் ஆங்கிலப் படியைத் தனியே தபாலில் அனுப்பியிருக்கிறேன். தமிழில் எழுதுவது, நீண்ட வாரயிறுதி வந்தால் டாலஸிலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் காரை எடுத்துக்கொண்டு உங்கள் கடைகளுக்கு வந்து சேரும் என் ஊர்க்காரர்களுக்காக. அவர்களில் பாதிப் பேரை உங்களிடம் அழைத்து வருபவனே நான்தான். ஒன்பது வருடமாக ஆல்புகெர்க்கியில் இருக்கிறேன். எனவே உங்கள் விலைச்சீட்டுகள் பற்றிய இந்தப் புகாரில் எனக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது. (புதிதாக வருகிற என் ஊர்க்காரர்களுக்கு: புவெப்லோ என்றால் இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளின் ஊர், அந்த மக்களுக்கும் அதே பெயர்.)

நான்கு வருடங்களுக்கு முன் உங்களில் ஒருவர் கடையில் ஒரு பானை வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் பானை. பால்வெள்ளை உடம்பு, அதன்மேல் மயிரிழைக் கறுப்புக் கோடுகள், வயிற்றுப் பகுதியில் ஒரு கிளி. அடியில் ‘அக்கோமா’ என்ற சொல்லும் ஒரு பெயரும். விலைச்சீட்டில் மூன்று விஷயங்கள் எழுதியிருந்தன: அக்கோமா புவெப்லோவைச் சேர்ந்த கலைஞர், கையால் தீட்டியது, கையொப்பம் உள்ளது. விலை 160 டாலர்.

சீட்டில் இருந்த ஒவ்வொரு சொல்லும் உண்மை. யாரும் பொய் சொல்லவில்லை. என் வருத்தமே அதுதான்.

எங்கள் ஊரில் பொங்கலுக்குப் பானை வாங்கினால் விரலை மடக்கித் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவோம். அந்தப் பழக்கத்தில் இதையும் தட்டினேன். கணீரென்றது. பரம திருப்தியோடு பணத்தைக் கொடுத்தேன். தட்டினால் விரிசல் இருக்கிறதா இல்லையா என்பதுதான் தெரியும், அதை எழுப்பிய கை யாருடையது என்பது தெரியாது. இது எனக்கு உறைக்க ஒரு வருடம் ஆயிற்று.

மறு வருடம் அக்கோமாவுக்குப் போனேன். ஆல்புகெர்க்கியிலிருந்து மேற்கே 100 கிலோமீட்டர். வெட்டவெளியில் 110 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் பாறைமேட்டின் தலையில் ஊர். மேலே மின்சாரக் கம்பி கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. வெளியூர்க்காரர்கள் வழிகாட்டியோடுதான் ஏறலாம். தெருவில் சில வீட்டு வாசல்களில் மடக்கு மேசை போட்டுப் பானைகளை விற்கிறார்கள். அப்படி ஒரு மேசைக்குப் பின்னால் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். மேசையில் இரண்டு கூட்டமாகப் பானைகள். இடப்பக்கம் ஓர் அட்டை: ‘செராமிக்’. வலப்பக்கம் இன்னோர் அட்டை: ‘கையால் செய்தது’. இடப்பக்கம் இருந்தவை என் வீட்டுப் பானையின் உடன்பிறப்புகள்.

கைபேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். ஒரு நொடிகூடப் பார்க்கவில்லை. “செராமிக்” என்றார். என்ன விலை கொடுத்தேன் என்று கேட்டார். சொன்னேன். சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு வலப்பக்கத்திலிருந்து ஒரு பானையை எடுத்து நீட்டி, உள்ளே விரலை விட்டுப் பார் என்றார்.

விட்டுப் பார்த்தேன். வெளியே முட்டையோடு போல வழவழப்பு. உள்ளே வேறு உலகம். மண்திரியை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி அழுத்திய இடங்களில் மெல்லிய மேடுபள்ளம். ஓரிடத்தில் கட்டைவிரல் பதிந்த குழி, அதில் என் கட்டைவிரல் அப்படியே போய் உட்கார்ந்தது. வாய் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினால் வட்டம் கொஞ்சம் கோணியிருந்தது தெரிந்தது. எடையோ, கையில் ஒன்றும் இல்லாதது போல. வீட்டுக்கு வந்து என் பானைக்குள் விரலை விட்டேன். உள்ளேயும் வெளியே போலவே ஒரே சீர், தேநீர்க் கோப்பைக்குள் விட்டது போல.

அந்தப் பாட்டி சொன்ன இன்னொன்றையும் எழுதாவிட்டால் பாவம். இடப்பக்கத்துப் பானைகளைத் தீட்டுவது அவருடைய தங்கை மகள். “அவளும் வாடகை கட்ட வேண்டும் இல்லையா” என்றார். அதில் ஏளனம் துளியும் இல்லை.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, என் ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். செராமிக், கிரீன்வேர் என்று இங்கே சொல்வது, மண்குழம்பை அச்சில் ஊற்றி எடுத்த வெற்றுப் பானை. கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும். வாங்கி, தீட்டி, அல்லது மேற்பூச்சைச் சுரண்டிக் கோலம் போட்டு, மின்சூளையில் சுட்டுவிடலாம். தீட்டுவதும் சுரண்டுவதும் கைவேலைதான், அதிலும் தேர்ந்த கைகள் உண்டு. ஆனால் பானையை அந்தக் கை செய்யவில்லை.

கையால் செய்யும் பானை மண்வெட்டியில் தொடங்குகிறது. எந்தச் சரிவில் எந்த மண் என்பது குடும்பத்துக்குள் இருக்கும் விஷயம். எடுப்பதற்கு முன் மண்தாய்க்குச் சோளமாவு வைத்து வணங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மண்ணைக் காயவைத்து, ஊறவைத்து, சலித்து, சுடும்போது வெடிக்காமல் இருக்க ஏதாவது ஒரு பொடியைக் கலக்க வேண்டும். ரியோ கிராண்டே ஆற்றங்கரைப் புவெப்லோக்களான சாண்டா கிளாராவிலும் சான் இல்டிஃபான்ஸோவிலும் அது எரிமலைச் சாம்பல். அக்கோமாவில் பழைய பானையோட்டை அரைத்துக் கலக்கிறார்கள். பாட்டி காலத்து ஓட்டாஞ்சில்லு பேத்தியின் பானைக்குள் போகிறது. அந்தப் பானையும் ஒருநாள் உடைந்தால் யாருடைய பானைக்குள்ளாவது போகலாம்.

சக்கரம் கிடையாது. நம் ஊர் வேளாரின் திகிரி வேகத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது முதலில் விநோதமாகத்தான் இருந்தது. அடிக்கு ஒரு சிறு மண்தட்டு, அதற்கு மேல் உருட்டிய மண்திரிகள், வழிப்பதற்குச் சுரைக்காய் ஓட்டின் துண்டு. காய்ந்தபின் தேய்த்து, மண்பூச்சு பூசி, ஆற்றுக் கூழாங்கல்லால் மெருகேற்ற வேண்டும். பூச்சின் ஈரம் போவதற்குள் முடித்தாக வேண்டும், நடுவில் எழுந்து போக முடியாது. அந்த மெருகுக்கற்களைத் தாய் மகளுக்குக் கொடுத்துப் போகிறாள். எங்கள் வீடுகளில் அட்டிகையும் ஒட்டியாணமும் போல என்று எழுத நினைத்தேன், ஆனால் அட்டிகையை வைத்து யாரும் வேலை செய்வதில்லை. அம்மாவின் அரிவாள்மனை என்றால் சரியாக இருக்கும்.

பிறகு நெருப்பு. எருவைத் தட்டையாக அடுக்கிச் சுடுகிறார்கள் என்று கேட்டதும் எனக்கு வறட்டி வாசனையே வந்துவிட்டது. கம்பித்தட்டின்மேல் பானைகள், சுற்றிலும் தகரம், அதன்மேல் வறட்டி. காற்றடிக்காத விடியற்காலையைப் பார்த்து மூட்ட வேண்டும். அப்படியே எரியவிட்டால் சாண்டா கிளாரா மண் சிவப்பாக வரும். நன்றாகச் சூடேறிய வேளையில் பொடித்த குதிரைச் சாணியைக் கொட்டி மூச்சுமுட்ட மூடிவிட்டால், காற்றில்லாத புகையில் அதே பானை கன்னங்கரேலென்று வெளியே வரும். ஆதிச்சநல்லூர்க் கறுப்பு-சிவப்புப் பானைகளைச் சுட்டவர்களுக்கும் தெரிந்திருந்த சூட்சுமம்தான் இது. எங்கோ ஒரு துளி ஈரம் தங்கியிருந்தால் போதும், ‘டப்’ என்று ஒரு சத்தம், பல வார வேலை சில்லு சில்லாகக் கிடக்கும்.

இவ்வளவும் ஒரே சொல்லில் அடங்கிவிடும்: ‘கையால் செய்தது’. எதிர்ப்பக்கத்துக்கும் ஒரே சொல்தான்: ‘செராமிக்’. அக்கோமா மேசையில் இரண்டு அட்டைகளும் இருந்தன. பாறையிலிருந்து இறங்கி 100 கிலோமீட்டர் பயணம் செய்து உங்கள் கண்ணாடி அலமாரிக்கு வரும் வழியில் ‘செராமிக்’ என்ற அட்டை எங்கே விழுந்தது என்பதுதான் என் கேள்வி.

கையொப்பம் இருக்கிறதே, அது போதாதா என்று உங்களில் ஒருவர் என்னிடமே கேட்டார். கையொப்பத்தின் கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சான் இல்டிஃபான்ஸோவின் மரியா மார்ட்டினெஸ் பானையை எழுப்பி மெருகேற்ற, கணவர் ஜூலியன் அதன்மேல் மண்குழம்பால் தீட்டினார். சுட்டதும் மெருகிட்ட இடம் கண்ணாடியாக மின்ன, தீட்டிய இடம் மங்கலாக நின்றது. 1920-க்குச் சற்று முன் பிறந்த அந்தக் கறுப்பின்மேல் கறுப்பு ஊரின் பிழைப்பையே மாற்றியது. மரியாவின் பெயர் இருந்தால் விலை கூடுகிறது என்று கண்ட அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் பானைகளிலும் கையெழுத்துப் போடச் சொன்னார்களாம். அவரும் போட்டுக் கொடுத்தாராம், சாண்டா ஃபேயில் இருந்த பெரியவர்கள் கண்டுபிடித்து நிறுத்தும் வரை. சேகரிப்பாளர்கள் இதைச் சொல்லும்போது முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கோ இதைவிட அழகான கையெழுத்து மோசடி தெரியாது. அவரிடம் நிறைய இருந்தது பெயர் ஒன்றுதான், அதை ஊராருக்குப் பகிர்ந்து கொடுத்தார்.

அவருடைய கையொப்பங்களை வரிசையாக வைத்தால் அதுவே ஒரு குடும்ப அட்டை. முதலில் ‘மேரி’. பிறகு ‘மேரி, ஜூலியன்’. 1943-இல் ஜூலியன் இறந்தபின் மருமகள் சந்தானா தூரிகையை எடுத்தார், ‘மேரி, சந்தானா’ ஆயிற்று. பிறகு மகன் பொபோவி டாவோடு சேர்ந்து ‘மரியா, பொபோவி’. பேரன் டோனி டா பானையில் நீலக்கல் பதித்துத் தன் வழியில் போனார். மரியா 1980-இல் மறைந்தார். கொள்ளுப்பேரப் பிள்ளைகளின் தலைமுறையும் மண்ணில்தான் இருக்கிறது.

விலைச்சீட்டு ஒட்டுவதும் உங்கள் தொழிலுக்குப் புதிதில்லை. அரிசோனாவில் ஹோப்பி என்ற பூர்வகுடிகளின் நிலத்தில், ஹானோ என்ற சிற்றூரில், நம்பேயோ என்ற பெண் இருந்தார். சிக்யாட்கி என்ற பாழூரின் பழைய ஓடுகளிலிருந்த பறவை வடிவங்களைத் தன் பானைகளுக்கு எடுத்துக்கொண்டு ஒரு மரபுக்கே மறுபடி உயிர் கொடுத்தவர். 1905-இல் கிராண்ட் கேன்யன் விளிம்பில், பயணிகள் பார்க்கப் பானை செய்ய அவரை உட்கார வைத்தது ஃபிரெட் ஹார்வி நிறுவனம். எழுதத் தெரியாத அவருடைய பானைகளின் அடியில் ‘ஹோப்பி நம்பேயோ செய்தது’ என்று கடையே சீட்டு ஒட்டியது. பிற்காலத்தில் அவருக்குப் பார்வை மங்கிப்போனது. கை மட்டும் மறக்கவில்லை. அவர் தடவித் தடவி எழுப்ப, மகள்கள் தீட்டினார்கள். சீட்டில் இருந்தது ஒரு பெயர், பானையில் இருந்தவை இரண்டு தலைமுறையின் கைகள்.

ஆகவே ஒற்றைப் பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்க நான் வரவில்லை. சாண்டா கிளாராவில் மார்கரெட் தஃபோயா, தாய் சாரா ஃபினாவிடம் கற்று, குழந்தை ஒளிந்துகொள்ளும் அளவுக்குப் பெரிய கறுப்பு ஜாடிகளை எழுப்பி, கழுத்தில் கரடியின் பாதத்தை அழுத்தி வைத்தார். வறட்சிக் காலத்தில் தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டிய கரடிக்கு நன்றி அது. பேத்தி நான்சி யங்பிளட்டின் கைகளில் அந்த மெருகு முலாம்பழக் கீற்றுகளாகச் சுழல்கிறது. கோச்சிட்டி புவெப்லோவில் ஹெலன் கொர்டெரோ பானை செய்தால் கோணிக்கொண்டு போனதாம், உறவுக்காரப் பெண் ஒருவர் “பொம்மை செய்து பாரேன்” என்றாராம். 1964-இல் அவர் தன் தாத்தா சாண்டியாகோ கிண்டானாவை மண்ணில் உட்காரவைத்து, மேலெல்லாம் பிள்ளைகளை ஏறவிட்டார். கண்ணை மூடி வாயைத் திறந்து கதை சொல்லும் அந்தத் தாத்தாவின் நகல்கள் இல்லாத கடை உங்களில் எவருடையது?

மரபு என்றால் பாட்டி செய்ததையே பேத்தியும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கும் வாடிக்கையாளர்களும் உண்டு. அவர்களோடு என்னைச் சேர்க்க வேண்டாம். சாண்டா கிளாராவின் ரோஸ் நரான்ஹோ வீட்டைப் பாருங்கள். ஒரு மகள் ஜோடி ஃபோல்வெல் பானையின் உருவத்தையே கலைத்துப்போட்டார். இன்னொரு மகள் நோரா நரான்ஹோ-மோர்ஸ், வாஷிங்டனில் பூர்வகுடி அருங்காட்சியகத்துக்கு வெளியே, மழையில் கரையட்டும் என்றே மண்ணுருவங்களை நிறுத்தினார். பேத்தி ராக்ஸேன் ஸ்வென்ட்ஸல் மனித முகங்களைச் செய்கிறார். அவருடைய மகள் ரோஸ் சிம்ப்சன் கார் பழுதுபார்க்கும் படிப்பும் படித்தவர். 1985-ஆம் வருடத்து எல் கமினோ வண்டி ஒன்றைக் கறுப்பின்மேல் கறுப்பாகத் தீட்டி, அதற்கு ‘மரியா’ என்று பெயர் வைத்தார். கோச்சிட்டியில் விர்ஜில் ஆர்டிஸ், 1680-இல் ஸ்பானியரை விரட்டிய புவெப்லோ எழுச்சியை 2180-க்குக் கொண்டுபோய் விண்வெளி வீரர்களாக வனைகிறார். அவர் அம்மா செஃபரினாவும் மண்ணில் உருவம் பிடித்தவர்தான்.

மின்சூளையும் எனக்குக் குற்றமில்லை. அக்கோமாவின் வெள்ளை உடம்பில் எருப்புகை பட்டால் கறை விழுந்துவிடும், நாள்கணக்கில் இழுத்த கோடுகள் போய்விடும். அந்தப் பயத்தில் கையால் எழுப்பிய பானையை மின்சூளையில் சுடுகிறவர்கள் நிறையப் பேர். சரி. அதையும் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சட்டம் உங்களை மிரட்டுவதால் கேட்கவில்லை. 1990-ஆம் வருடத்துக் கைவினைச் சட்டம், பூர்வகுடிகள் செய்யாததை அவர்கள் செய்ததாக விற்றால் இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை என்கிறது. நான் வாங்கிய பானை அந்த வலையில் சிக்காது. தீட்டியவர் அக்கோமாக்காரர்தான். சட்டம் பார்ப்பது பெரும்பாலும் ஆளை. நான் பேசுவது, பக்கத்துப் பக்கமாக வைத்த இரண்டு பானைகளைப் பற்றி. ஒன்று ஒரு நாள் வேலை, மற்றது ஒரு மாத வேலை. இரண்டுக்கும் ஒரே மாதிரிச் சீட்டு. வாங்க வருகிறவன் மலிவானதைத்தான் எடுப்பான். நானும் அப்படித்தான் எடுத்தேன். பத்து வருடம் இப்படி நடந்தால் மண்வெட்டியோடு மலைக்குப் போக எந்தப் பேத்திக்குத் தோன்றும்?

உங்கள் தெருவிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. சாண்டா ஃபே சதுக்கத்தில் 1610-இல் கட்டிய ஆளுநர் மாளிகையின் தாழ்வாரத்தில், தரையில் போர்வை விரித்து உட்கார்ந்திருப்பவர்கள், தாங்களோ தங்கள் வீட்டாரோ செய்ததை மட்டுமே விற்கலாம். பொருளில் செய்தவரின் குறி இருக்க வேண்டும். காலையில் குலுக்கல் போட்டுத்தான் இடம். வெளியே போர்வைமேல் வைத்து விற்பவர்களுக்கு இருக்கும் ஒழுங்கு, குளிர்சாதனக் கடைக்கு முடியாதா?

இன்னொன்று, சும்மா ஓர் இடைக்குறிப்பு: உங்கள் கடை வாசலில் பறக்கும் மாநிலக் கொடியின் சிவப்புச் சூரியன், ஸியா புவெப்லோவின் பழைய தண்ணீர்ப் பானை ஒன்றிலிருந்து எடுத்தது. 1925 முதல் பறக்கிறது. அந்தப் பானையை வனைந்த பெண்ணின் பெயர் கொடியில் இல்லை. அதைத் திருத்துவது இனி யாராலும் ஆகாது. சீட்டைத் திருத்தலாம்.

வேண்டியது நான்கு வரி. பானை கையால் எழுப்பியதா, செராமிக்கா. மண்ணும் நிறமும் தோண்டியவையா, கடையில் வாங்கியவையா. எரு நெருப்பா, மின்சூளையா. செய்தவர் எந்த ஊர், யாரிடம் கற்றார். கடைசிக் கேள்விக்குச் சிலர் பதில் சொல்ல விரும்பமாட்டார்கள், அவர்களை வற்புறுத்த வேண்டாம். எந்தச் சரிவிலிருந்து மண் எடுத்தார்கள் என்று மட்டும் தயவுசெய்து யாரிடமும் கேட்காதீர்கள். அது உங்களுக்கும் எனக்கும் தெரிய வேண்டியதில்லை. விற்பனை குறையும் என்று பயப்படுகிறீர்கள். செராமிக் என்று எழுதிய பானையையும் அந்தப் பாட்டியின் மேசையிலிருந்து ஆட்கள் வாங்கிக்கொண்டுதான் போனார்கள், 25 டாலர் கொடுத்து, சந்தோஷமாக.

என் பானையைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன். கிளி நன்றாக இருக்கிறது. பக்கத்தில் இப்போது பாட்டியின் பானையும் இருக்கிறது, வாய் கோணியது. விருந்தினர் வந்தால் இரண்டுக்குள்ளும் விரலை விடச் சொல்கிறேன். கிளிப் பானையின் அடியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி எழுதி வைத்திருக்கிறேன்: ‘செராமிக். அச்சில் ஊற்றியது. தீட்டியது கை. அக்கோமா.’ எழுத அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஆகஸ்ட் மாதம் இந்தியன் மார்க்கெட் என்ற பூர்வகுடிக் கலைச் சந்தை சமயத்தில் டாலஸிலிருந்து இரண்டு குடும்பங்கள் வருகின்றன. வழக்கம் போல உங்கள் கடைகளுக்கும் அழைத்து வருவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன்,
ஆல்புகெர்க்கி